நான் இருக்கிறது கிருபையினாலே: டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், பலரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வேலை போனவர் கேட்கிறார், பிள்ளை இல்லாதவர் கேட்கிறார், புதிதாக விசுவாசத்துக்கு வந்த பெண் கேட்கிறாள், மகளுக்கு வரன் பார்க்கிற அப்பா கேட்கிறார்: நான் யார், நாங்கள் யார்? அதனால் வழக்கமான வேதபாடச் சந்தேகங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை.

கேள்வி: டீச்சர், நான் ஒரு குருவானவரின் மகன். வயது 29. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. இப்போது அப்பா அம்மாவோடு ஊரில் இருக்கிறேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் "தம்பி, இப்ப எங்க இருக்கீங்க?" என்று ஆள் ஆளுக்குக் கேட்கிறார்கள். பாடல் முடியும் முன்பே பக்கத்து வாசல் வழியாகப் போய்விடுகிறேன். சின்ன வயதில் 'ஐயர் மகன்' (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்), அப்புறம் 'ஐ.டி.யில் இருக்கிற பையன்'. இரண்டும் இல்லை என்றால் நான் யார்? "நீ தேவனுடைய பிள்ளை" என்கிறார் அப்பா. அது பிரசங்கம் மாதிரி காதில் விழுகிறது, உள்ளே இறங்கவில்லை. (திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: தம்பி, நான் உபதேசியார் மகள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம் சின்ன ஊர். அப்பா சைக்கிளில் போய்ச் சுற்றுப்பட்ட சபைகளைப் பார்த்துக்கொண்டவர். எனக்கென்று ஒரு பெயர் இருந்ததே ஊரில் பலருக்கு நினைவில் இருந்திருக்காது. சங்கீதம் ஒப்பித்துப் பரிசு வாங்கினால் "உபதேசியார் மக, சொல்லத்தானே செய்வா" என்பார்கள். கிணற்றடியில் சத்தமாகச் சிரித்தால் "உபதேசியார் மகளா இப்படி?" என்பார்கள். பரிசும் அப்பா கணக்கில், ஏச்சும் அப்பா கணக்கில். ஆகவே 'ஐயர் மகன்' என்று நீ எழுதியதற்குப் பின்னால் இருக்கிற பாரம் எனக்குத் தெரியும். ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தேவனைத் தெரிந்துகொள்ளும் முன்பே, தெரிந்தவர்கள்போல நடந்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். சபையார் இதை யோசித்துப் பார்ப்பதே இல்லை.

அப்பா சொல்வது உண்மைதான். ஆனால் அதையும் நீ முந்தைய இரண்டு பட்டங்களோடு மூன்றாவது பட்டமாகச் சேர்த்துக்கொள்கிறாய் என்று தோன்றுகிறது. ஐயர் மகன் என்றால் அதற்கேற்ப நடக்க வேண்டும், ஐ.டி. பையன் என்றால் அதற்கேற்பச் சம்பாதிக்க வேண்டும், தேவனுடைய பிள்ளை என்றால் அதற்கேற்ப சமாதானமாகவும் சந்தோஷமாகவும் இருந்து காட்ட வேண்டும். அது முடியவில்லை. உடனே அந்தப் பட்டத்துக்கும் தகுதியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறாய்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடு. இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று ஜெபம் பண்ணுகிறார். வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." அதுவரை அவர் என்ன செய்திருந்தார்? லூக்கா எழுதியபடி பார்த்தால் ஒரு குருடனும் பார்வை அடையவில்லை, ஒரு சீஷனும் கூட வரவில்லை, மலைப்பிரசங்கம் நடக்கவில்லை. அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று அடுத்த வசனமே சொல்கிறது. உன் வயது. ஊழியம் என்று காட்டுவதற்கு எதுவும் இல்லாத அந்த நேரத்தில்தான் பிதா "பிரியமாயிருக்கிறேன்" என்றார்.

அப்படியே நான்காம் அதிகாரத்துக்குப் போ. நாற்பது நாள் பட்டினி. சோதனைக்காரன் வந்து, "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல் அப்பமாகும்படி சொல்லும்" என்கிறான். நிரூபித்துக் காட்டு என்கிறான். இயேசு நிரூபிக்கவில்லை. கல் கல்லாகவே கிடந்தது, பசியும் அப்படியே இருந்தது. பிதா சொன்னது போதும் என்று நின்றார். கோயில் வாசலில் "எங்க இருக்கீங்க?" என்று கேட்கிறவர்களை நான் பிசாசு என்று சொல்லவில்லை. பாதிப் பேருக்கு அதைவிட்டால் பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி உனக்குள் போனதும் உருமாறிவிடுகிறது: தேவனுடைய பிள்ளை என்றால் வேலை ஏன் போனது, வேறு வேலை ஏன் இன்னும் கிடைக்கவில்லை? அந்த இடத்தில் நீ யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது உனக்கு நினைவிருக்காது. அடுத்த முறை உங்கள் சபையில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் போய் நின்று பார். குருவானவர் பெயரைக் கேட்பார். பெற்றோர் சொல்வார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே தண்ணீர் ஊற்றுவார். அந்த நேரத்தில் இன்ன வீட்டுப் பிள்ளை, இன்ன பள்ளிக்கூடம், இன்ன சம்பளம் என்ற பேச்சே கிடையாது. குழந்தை வீறிட்டு அழும், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருக்கும். ஆமென் சொல்லக்கூடத் தெரியாத அந்தப் பிள்ளையைத்தான் கிறிஸ்துவின் மந்தையில் சேர்க்கிறோம். உனக்கும் அப்படித்தான் நடந்தது. அதற்கு அப்புறம் வந்த மார்க் ஷீட்டும் வேலையும் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"உள்ளே இறங்கவில்லை" என்கிறாயே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பண்டித ரமாபாயின் கதை தெரியுமா? 1874 பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்தவர். அண்ணனோடு நாடெங்கும் கால்நடையாகத் திரிந்தார். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் கணவரும் போய்விட்டார், கையில் ஒரு பெண் குழந்தை. 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் பிற்பாடு அவரே எழுதுகிறார்: அப்போது கிறிஸ்தவ மார்க்கத்தைத்தான் கண்டுகொண்டேன், கிறிஸ்துவைக் கண்டுகொள்ள அதற்குப் பின் பல வருஷங்கள் ஆயின என்று. பெயர் பெற்ற பண்டிதைக்கே அந்த இடைவெளி இருந்தது. நல்லவளாகி, தகுதியாகி அப்புறம் வருவது என்றில்லை, இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறேன் என்று புரிந்தபோதுதான் தனக்கு வெளிச்சம் வந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். மகாராஷ்டிரத்தில் கேட்காவ் ஊரில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய முக்தி மிஷன் அடைக்கலமானதெல்லாம் அதற்குப் பிற்பாடு நடந்தவை. இறங்க நேரம் எடுத்தால் எடுக்கட்டும். இறங்கவில்லை என்பதால் அது பொய் என்று முடிவு செய்துவிடாதே.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பக்கத்து வாசல் வழியாகப் போகாதே. பெரிய வாசல் வழியாக வந்து, கேட்கிறவர்களிடம் "வேலை போயிருச்சு, தேடிக்கிட்டிருக்கேன், ஜெபிச்சுக்கோங்க" என்று சொல். ஒரு மாதம் சொன்னால் கேட்கிறவர்களே ஓய்ந்துவிடுவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வேலைக்கு வழியும் சொல்லக்கூடும். அப்பமும் இரசமும் வாங்குகிற நற்கருணைக்குப் போவதை விட்டுவிடாதே. அந்தக் கிராதிக்கு முன் முழங்கால் போட்டு இரண்டு கையையும் ஏந்தும்போது பக்கத்தில் இருப்பவர் தாசில்தாரா, கொத்தனாரா என்று குருவானவர் பார்ப்பதில்லை. வெறுங்கையைத்தான் பார்க்கிறார்.

வேலை தேடுவதையும் விடாதே. பவுல் "நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்" என்று எழுதிவிட்டு, அதே வசனத்தில் "அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்றும் எழுதுகிறார். கூடாரம் தைத்துச் சாப்பிட்ட மனுஷன் அவர். கிருபை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் தையல் வேலைதான் தன்னை ஆளாக்கியது என்றும் நினைக்கவில்லை.

அப்புறம் ஒரு சின்னக் காரியம். அப்பாவிடம் ஒரு நாள் ராத்திரி, "எனக்குப் பிரசங்கம் வேண்டாம்பா, கொஞ்ச நேரம் கூட உக்காருங்க" என்று கேள். தினமும் நூறு பேருக்கு ஆறுதல் சொல்கிறவர்களுக்குத் தன் பிள்ளையிடம் மட்டும் வார்த்தை திக்கும். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார். அது அவிசுவாசம் இல்லை.

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி 11 வருஷம். பிள்ளை இல்லை. அன்னையர் ஞாயிறு அன்று சபையில் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பூக் கொடுக்கிறார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் "அன்னாளைப் போல ஜெபி" என்கிறார்கள். எனக்கு இப்போது ஜெபிக்கவே அலுப்பாக இருக்கிறது. கிருபை என்னை விட்டு விலகிவிட்டதா? (தூத்துக்குடி)

பதில்: இல்லை தங்கச்சி. விலகவில்லை.

முதலில் உங்களுக்காக இல்லாமல், இதை வாசிக்கிற சபைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பூவை நிறுத்துங்கள். கொடுத்தால் சபையில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் கொடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், கல்யாணம் ஆகாதவள், இந்தத் தங்கச்சியைப் போல 11 வருஷம் காத்திருக்கிறவள், எல்லோரும் அந்தப் பெஞ்சுகளில்தான் இருக்கிறார்கள். கர்த்தருடைய வீட்டில் ஒரு பெண்ணை உட்காரவைத்து மற்றவர்களை எழுப்பி நிறுத்துவது நியாயமில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

உங்களிடம் வருகிறேன் தங்கச்சி. பிள்ளை இல்லாமல் அழுது ஜெபித்த அன்னாள் சாமுவேலைப் பெற்றது நடந்த காரியம், அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் வேதத்தில் அன்னாள் மட்டும் இல்லை. இரண்டாம் சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தில் மேவிபோசேத் இருக்கிறான். சவுல் ராஜாவின் பேரன், தாவீதின் உயிர்ச் சிநேகிதன் யோனத்தானின் மகன். ஐந்து வயதில் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமாகிவிட்டது. லோதேபார் என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்தவனைத் தாவீது தேடிக் கூப்பிடுகிறான். அவனோ தன்னைச் செத்த நாய் என்று சொல்லிக்கொள்கிறான். தாவீது அவனிடம் யோனத்தான் நிமித்தம் தயை செய்கிறான். ராஜகுமாரரில் ஒருவனைப்போல ராஜாவின் பந்தியில் இடம் கொடுக்கிறான்.

நான் அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் எப்போதும் நின்றுவிடுவேன். அவன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டுவந்தான், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது. அவ்வளவுதான், அதிகாரம் முடிந்துவிடுகிறது. கால் சுகமானது என்று எழுதவில்லை. சுகமான பிறகு பந்திக்கு வா என்றும் தாவீது சொல்லவில்லை. கால் அப்படியே இருக்க, இடம் அவனுடையது. சாட்சி சொல்லும் கூட்டங்களில் "ஜெபித்தேன், கிடைத்தது" என்பதை மட்டும் கேட்டுக் கேட்டு, கிடைக்காதவர்களுக்குப் பந்தியில் இடமில்லை என்று நாமே ஒரு எண்ணத்தை உண்டாக்கிவிட்டோம்.

ஏசாயா 56-ஐயும் வாசித்துப் பாருங்கள். பிள்ளை பெற வழியே இல்லாத அண்ணகர்களுக்கு, குமாரரும் குமாரத்திகளும் உள்ளவர்களுடைய கீர்த்தியைப் பார்க்கிலும் மேலான கீர்த்தியைத் தம் ஆலயத்துக்குள் தருவேன் என்கிறார் கர்த்தர். "நான் பட்ட மரம்" என்று அண்ணகன் சொல்லாதிருப்பானாக என்றும் அங்கே இருக்கிறது. நம் ஊரில் பெண்களைப் பார்த்துச் சொல்கிற ஏச்சு அப்படியே அதில் இருக்கிறது பாருங்கள். அந்த ஏச்சைத்தான் கர்த்தர் நேராக மறுக்கிறார்.

ஜெபிக்க அலுப்பாக இருந்தால் கொஞ்ச நாள் அந்த விண்ணப்பத்தை மட்டும் இறக்கி வையுங்கள். உங்களுக்காக நாங்கள் சிலர் அதைச் சுமக்கிறோம். நீங்கள் சும்மா அவர் முன்னால் உட்காருங்கள், 88-ஆம் சங்கீதம் வாசியுங்கள், அதில் கடைசிவரை வெளிச்சம் வராது, ஆனாலும் அதுவும் ஜெபம்தான். இன்னொன்று, உங்கள் கடிதத்தில் நீங்கள் டாக்டரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்று எழுதவில்லை. குறை ஆணிடமும் இருக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கிருபை இலவசம், தகுதி பார்க்காது என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். இப்படிச் சொன்னால் வாலிபப் பிள்ளைகள் எப்படியும் வாழலாம் என்று நினைத்துவிட மாட்டார்களா? (மார்த்தாண்டம்)

பதில்: ஐயா, இதே குற்றச்சாட்டைப் பவுலும் கேட்டிருக்கிறார். ரோமர் ஆறாம் அதிகாரமே அதற்குப் பதில்தான், "கூடாதே" என்று தொடங்குகிறார். நான் வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவை மட்டும் சொல்கிறேன். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னபோது சகேயு யாருக்கும் ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊர் முறுமுறுத்தது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று அவன் எழுந்து நின்று சொன்னது அவர் வந்த பிற்பாடு. முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் அவன் அத்திமரத்தைவிட்டு இறங்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் கண்டது அதுதான். மிரட்டி உட்காரவைத்த பிள்ளைகள் என் தலை மறைந்ததும் பெஞ்சு மேல் ஏறின.

கேள்வி: எனக்கு 24 வயது, வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது கிறிஸ்துவை அறிந்தேன். அடுத்த மாதம் ஞானஸ்நானம். வீட்டில் வருத்தப்படுகிறார்கள், ஆனால் தடுக்கவில்லை. ஜெபக்குழுவில் உள்ளவர்கள் பழைய பெயரை விட வேண்டும் என்று சொல்லி, சில பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் என்னை வளர்த்த அப்பத்தாவின் பெயர். அது ஒரு அம்மனின் பெயரும்கூட. மாற்றாவிட்டால் நான் அரைக் கிறிஸ்தவளா? (மதுரை)

பதில்: மகளே, சவுல் மனம் மாறியதும் பவுல் ஆனான் என்று நிறையப் பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். அப்போஸ்தலர் நடபடிகளில் அப்படி இல்லை. தமஸ்குவில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவனிடம் அனனியா வருகிறான். சபையாரைக் கட்டி இழுத்துப்போக வந்த ஆள் என்று அனனியாவுக்கு நன்றாகத் தெரியும், பயமும் இருந்தது. ஆனாலும் அவன் மேல் கையை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்கிறான். பழைய பெயரை அப்படியே சொல்லி, அதற்கு முன்னால் சகோதரன் என்று வைக்கிறான். அதற்குப் பிறகும் சில அதிகாரங்கள் வரை அவன் சவுல்தான். 13-ஆம் அதிகாரத்தில்தான் "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்று வருகிறது. யூதனுக்கு ஒரு பெயர், ரோமர் நடுவே ஒரு பெயர், இரண்டும் அவனுடையவைதான்.

ஆதிச் சபையில் போதித்த அப்பொல்லோவின் பெயர் கிரேக்கரின் அப்பொல்லோ தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. பிலிப்பியரில் வருகிற எப்பாப்பிரோதீத்துவின் பெயருக்குள் அவர்களுடைய அப்ரோதிதே தேவி இருக்கிறாள். ரோமருக்குப் போன நிருபத்தில் பவுல் நற்சாட்சி கொடுக்கிற பெபேயாள் பெயரும் கிரேக்கப் புராணத்துப் பெயர்தான். பவுல் யாருக்கும் பெயர் மாற்றவில்லை. எப்பாப்பிரோதீத்துவை "என் சகோதரன்" என்கிறார், பெபேயாளை "நம்முடைய சகோதரி" என்கிறார். உன் ஜெபக்குழுவில் உள்ளவர்கள் அன்பினால்தான் சொல்லியிருப்பார்கள், அவர்களிடம் சண்டை வேண்டாம். இந்த மூன்று பெயர்களையும் காட்டு.

நம் பக்கத்திலேயே கிருஷ்ணபிள்ளை இருக்கிறார். 1827-இல் திருநெல்வேலி அருகே கரையிருப்பில் பிறந்த வைணவர், தமிழ்ப் புலவர், சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்கள் முன்னால் சேர்ந்தன, கிருஷ்ணபிள்ளை போகவில்லை. கம்பனில் ஊறிய அந்தத் தமிழும் போகவில்லை. அதே தமிழில்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடினார், 1894-இல் அது அச்சில் வந்தது. அவருடைய "சத்தாய் நிஷ்களமாய்" பாடலை நம் சபைகளில் இன்றும் பாடுகிறோம். அதில் "உன்னையல்லால் எனக்கு யார் துணை யார் உறவே" என்ற அடியை, வீட்டாரை விட்டுத் தனியாக வந்து நிற்கிற யார் பாடினாலும் தொண்டை அடைக்கும். தமிழ் ஆசிரியையாக நான் சொல்வேன், பழைய சம்பத்தைத் தூர எறிந்திருந்தால் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது.

புதுப் பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு, அதுவும் தப்பில்லை. பாளையங்கோட்டையில் நான் இருக்கிற இடத்துக்குப் பக்கம்தான் கிளாரிந்தா கட்டின கோயில். மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்ததால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல்தான் கொடுத்தார். 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், அதில் முதல் பெயர் கிளாரிந்தா. 1785-இல் அவர் முயற்சியால் எழும்பிய ஆலயம் இன்றைக்கும் நிற்கிறது. ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில்! ஞானஸ்நானத்தில் வந்த பெயரை ஊர் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதனால் அந்த அம்மாளுக்கு என்ன குறைந்துபோயிற்று? விதவை, வைப்பு என்று இரண்டு பக்கமும் தள்ளிவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் சபைப் பதிவேட்டில் முதல் வரியில் நிற்கிறது. அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆகவே உன் அப்பத்தா பெயரோடு தண்ணீரில் இறங்கு. குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆதாரிலும் சான்றிதழிலும் எதையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. அப்பாவையும் அம்மாவையும் ஆராதனைக்குக் கூப்பிடு. வந்தால் முன் பெஞ்சில் உட்காரவை. வராவிட்டால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அவர்களோடு சாப்பிடு. அவர்கள் கும்பிடுகிறதைப் பற்றி இழிவாக ஒரு வார்த்தைகூட உன் வாயில் வரக்கூடாது. உன்னை ஜெபிக்கிற பெண்ணாக வளர்த்ததே அந்த வீடுதான்.

கேள்வி: டீச்சரம்மா, என் மகளும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் விரும்புகிறார்கள். நல்ல பையன், இரட்சிக்கப்பட்டவன், ஞாயிறு பள்ளி நடத்துகிறான். ஆனால் நம்ம ஆட்கள் இல்லை. நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. இதற்குச் சம்மதித்தால் நாங்கள் யார் என்கிற அடையாளமே போய்விடாதா? சொந்தக்காரர்கள் பந்திக்கு வரமாட்டார்கள். (நாகர்கோவில்)

பதில்: அண்ணாச்சி, மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பந்தி என்று எழுதினீர்களே, அங்கிருந்தே தொடங்குவோம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் ஒரு சண்டை நடக்கிறது. பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எருசலேமிலிருந்து சொந்த ஜனத்தார் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிப்போகிறார். பர்னபாவும் கூடப் போகிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" அவர்கள் நடக்கவில்லை என்று அதற்குக் காரணம் சொல்கிறார். மனுஷன் கிரியையினால் அல்ல, இயேசுகிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அந்த நிருபத்தில் அந்த வார்த்தை இந்தச் சாப்பாட்டுச் சண்டைக்கு அடுத்த வரியாகத்தான் வருகிறது. யார் யாரோடு பந்தியில் உட்காரலாம் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் பவுல் கிருபையைச் சொன்னார். நாம் அதைப் பிரசங்க மேடையில் வைத்துக்கொண்டு, பந்தியில் மட்டும் பழைய கணக்கைப் பார்க்கிறோம்.

சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, உடனே முற்றாக விட வேண்டும் என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய எதிர்ப்பு, பல குடும்பங்கள் சபையை விட்டே போயின. இத்தனை காலத்துக்குப் பிறகும் மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பெயருக்கு அடுத்து சாதிப் பெயரைப் போடுகிறோம். நான்கு தலைமுறை என்றீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் பெற்றபோது அவருடைய சொந்தக்காரர்களும் "நம்ம அடையாளம் போச்சே" என்றுதான் அழுதிருப்பார்கள். அவர் அவர்களுக்குப் பயந்து திரும்பியிருந்தால், உங்கள் மகளுக்கு இரட்சிக்கப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்ற நினைப்பே உங்களுக்கு வந்திருக்காது.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. சொந்தம் விலகினால் வலிக்கும், ஊரில் பேசுவார்கள், கொஞ்ச காலம் தனியாகத்தான் நிற்பீர்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து வரும் என்ற நிலை இருந்தால் குருவானவரிடமும், தேவைப்பட்டால் போலீசிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அசட்டையாக இருக்காதீர்கள். பையனைப் பற்றி ஒரு அப்பா விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரியுங்கள்: கடன் இருக்கிறதா, குடி உண்டா, கோபம் எப்படி, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான். சாதியை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பையனையும் அவன் பெற்றோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஹோட்டலில் வேண்டாம், உங்கள் வீட்டில், உங்கள் வீட்டம்மா கையால். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மகளிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி, பாவம் பிள்ளை பயந்துகொண்டிருக்கும். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.